பிரேக் கட்டையின் கௌரவம்

கொல்லிமலையில் ஒரு பழைய கார் இருந்தது. அதன் சொந்தக்காரர் துரைராசு, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குவார். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. இறக்கம் தொடங்கியதுமே கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்.

அதோடு இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். அடிவாரம் வரை அத்தனை வளைவிலும் வண்டியைப் பிடிக்க வேண்டியது பிரேக் கட்டை மட்டும்தான். மேடு ஏறும்போது வண்டி நன்றாக இழுக்கிறது என்று இஞ்சினை எல்லோரும் மெச்சுவார்கள். இறங்கும்போது பிரேக் கட்டையை நினைக்க ஓர் ஆள் கிடையாது. அது சூட்டில் வெந்தது, தேய்ந்தது. சும்மா உறுமிக்கொண்டிருக்கும் இஞ்சினிடம் உதவி கேட்கலாம்தான். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? வாயை மூடிக்கொண்டு தனியாகவே கிடந்தது.

ஒருநாள் துரைராசுவின் மனைவி வெள்ளையம்மாளும் கூட வந்தாள். பாதி மலையில் கருகல் நாற்றம் அடித்தது. துரைராசு மிதித்தார், பெடல் அடிவரை போயும் வண்டி நிற்கவில்லை. எதிரே கொண்டை ஊசி வளைவு, அதற்கப்பால் பள்ளம்.

"என்னால முடியல," என்றது பிரேக் கட்டை. அது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றது இஞ்சின். "நியூட்ரல்ல நானும் ஒண்டியாத்தான் கெடக்கேன். உனக்கு ஆள் தேவையில்லன்னுல்ல நெனச்சேன்."

"கியரப் போடுங்க மாமா," என்றாள் வெள்ளையம்மாள்.

துரைராசு மூன்றாவது கியரைப் போட்டார், பிறகு இரண்டாவது. இஞ்சின் பெரிதாக முனகிக்கொண்டு சக்கரங்களை இழுத்துப் பிடித்தது. வண்டி வேகம் தணிந்து, தடுப்புச் சுவரை உரசி நின்றது.

வண்டியைப் பார்த்த மெக்கானிக், மேடு ஏறுகிற கியரிலேயே இறங்கச் சொல்லி துரைராசுவைத் திட்டினார். கருகிப்போன கட்டையைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்.

அதற்குப் பிறகு துரைராசு நியூட்ரலைத் தொடவில்லை. இறக்கம் முழுக்க இஞ்சின்தான் வண்டியைப் பிடித்தது. புதுக் கட்டைக்கு வளைவுகளில் மட்டும் கொஞ்சம் வேலை. முதல் நாளே அது சலித்துக்கொண்டது.

"என்னத்துக்கு வழி பூரா இப்படி முனகுற?"

 இரண்டு வளைவு தாண்டிய பிறகு இஞ்சின் சொன்னது:

"உனக்கு முன்னால இங்க ஒருத்தன் இருந்தான். முனகாமலே வெந்து போயிட்டான்."