கரடிக்குட்டியைக் கிள்ளிப் பார்த்த நண்டு

ஒரு மலைக்காட்டில் மந்தி ஒருத்தி வைத்தியம் பார்த்துவந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் அடுத்தவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் குட்டிகளை எல்லாம் அவள் அளந்து பார்ப்பது அந்தக் காட்டு வழக்கம். ஓடைக்கரை மூங்கிலின் நுனியைப் பிடித்துக் குட்டி தொங்க வேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டால் குண்டு. குண்டு என்றால் அன்றிலிருந்து பாதித் தீனிதான்!

அந்த வருஷம் ஒரே வயதில் இரண்டு கரடிக்குட்டிகள் வந்தன. இலுப்பை என்பவள் விடிந்தால் மரம் ஏறுவாள், புற்றுத் தோண்டுவாள். அத்தி என்பவன் நிழலில் படுத்தபடி, அம்மா கொண்டுவரும் தேனடையை நக்குவான். கரடிக்குத்தான் உடம்பெல்லாம் முடி ஆயிற்றே! பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

இலுப்பை தொங்கினாள். நுனி தண்ணீரில் முங்கியது.

"அடியாத்தி, குண்டு! பாதித் தீனி!" என்றாள் மந்தி.

அத்தி தொங்கினான். நுனி ஒரு சாண் மேலேயே நின்றது.

"பார்த்தீங்களா? என் பிள்ளை கொடி மாதிரி!" என்று அவன் அம்மா காடெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பத்து நாள் போயிற்று. பாவம் இலுப்பை! பாதி மரம் ஏறுவதற்குள் களைத்துப்போய் இறங்கிவிடுவாள். பதினோராம் நாள், தண்ணீர் குடிக்க வந்தவள் கரையிலேயே மயங்கி விழுந்தாள்.

"ஐயோ, என் கண்ணே! பசிக்குதுன்னு கேட்டப்போகூடக் குடுக்கலையே, பாவி நான்!" என்று அவள் அம்மா அலறினாள்.

சத்தம் கேட்டு வளையிலிருந்து நண்டு ஒன்று வெளியே வந்தது.

"ஏன் தாயி குடுக்கல?"

"பிள்ளை குண்டாம், அண்ணே! மூங்கில் வளைஞ்சிடுச்சு!"

நண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மெதுவாக இலுப்பையின் முடியை விலக்கி, மேல்கையின் பின்பக்கம் கொடுக்கால் லேசாகக் கிள்ளிப் பார்த்தது. மெல்லிய தோல்தான் கொடுக்கில் சிக்கியது. அடியில் கட்டையாகத் தசை.

"இதுல கொழுப்பு எங்கே இருக்கு? மரம் ஏறி ஏறி உரமேறின உடம்பும்மா! முதல்ல பிள்ளைக்குச் சாப்பாடு குடு!"

அதற்குள் மந்தி ஓடிவந்தாள். "என் மூங்கில் பொய் சொல்லாது!"

"சொல்லலையே! கனம்னு சொல்லுச்சு. ஒரே அளவுல கொழுப்பைவிடத் தசைதான் கனம். அது தசையா கொழுப்பான்னு நீங்கதான் பார்க்கல!"

சத்தம் கேட்டு மகனோடு வந்து நின்ற அத்தியின் அம்மாவுக்குச் சிரிப்பு. "என் பிள்ளையையும் கிள்ளிப் பாரேன்!" என்று மகனை முன்னால் தள்ளினாள்.

நண்டு அதே இடத்தில் கிள்ளியது. அத்தி கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தான். மடிப்போ கொடுக்கு கொள்ளாத அளவுக்கு இருந்தது! வயிற்றிலும் அப்படியே.

அவன் அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ இவனுக்குப் பாதித் தீனியா?"

"வளர்ற பிள்ளையைப் பட்டினி போடாதீங்க! தேனைக் குறைங்க. பழமும் கிழங்கும் வயிறாரக் குடுங்க. ஓடி ஆடட்டும்!"

இதற்குள் அம்மா பிழிந்து ஊட்டிய நாலு நாவல்பழம் உள்ளே போக, இலுப்பை கண் திறந்தாள். மந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான், கண்ணு. உன்னைப் பட்டினி போட்டுட்டேன்."

"அதுக்கு எனக்கு ஒரு பலாப்பழம் வேணும்! முழுப் பழம்!" என்றாள் இலுப்பை.

மந்தி வாலைத் தூக்கிக்கொண்டு பலாமரத்துக்கு ஓடினாள். "நானும் வர்றேன்!" என்று மூச்சு வாங்க அவள் பின்னாலேயே ஓடினான் அத்தி.

பிள்ளையின் எடையை மட்டும் பார்த்துக் குண்டு என்றோ ஒல்லி என்றோ முடிவு கட்டாதீர்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகே பேசுங்கள்.