புகை போகும் வழி

சற்குணத்துக்கு ஐம்பத்தொரு வயது. பெயிண்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அங்கே புகைபோக்கி அருகே நின்றே நுரையீரல் கெட்டுப்போன நண்பர் பிச்சைமுத்துவை ஆஸ்பத்திரியில் பார்த்துவந்த வாரமே ராஜினாமா கொடுத்தார்.

அவருக்கு வழிகாட்டும் பேராசிரியை மெஹருன்னிசா, அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

புகையின் நஞ்சை முறிக்கும் வினையூக்கியைக் களிமண்ணோடு குழைத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இழை இழையாக அடுக்கி, சூளையில் சுட்டு ஒரு கட்டி செய்தார் சற்குணம். உள்ளே நேர் நேராகத் துளைகள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு.

ஆனால் ரப்பர் குழாய் வழியே புகையைச் செலுத்திப் பார்த்தபோது, உள்ளே போன நஞ்சில் பாதி அப்படியே மறுபக்கம் வந்தது. வினையூக்கியை இரட்டிப்பாக்கினார். அப்போதும் பாதி.

"மருந்துல குறையில்லை மேடம். வேலை மட்டும் நடக்க மாட்டேங்குது. ஏன்?"

"பசிக்குது சார். ரெண்டு பன் வாங்கிட்டு வாங்க. பைபாஸ்ல போங்க, கடைத்தெரு வழியா வாங்க."

ஸ்கூட்டரில் போக எட்டு நிமிஷம். திரும்பி வர ஒரு மணி நேரம்.

"போறப்ப யாரைப் பார்த்தீங்க?"

"யாரையும் இல்லை."

"வர்றப்ப?"

"ஒவ்வொரு திருப்பத்துலயும் ஆளுங்க மேடம். டெய்லர் பாய் பிடிச்சுக்கிட்டார். பிச்சைமுத்து சம்சாரமும் வந்தாங்க. அவன் இப்ப தெருமுனை வரைக்கும் நடக்கிறானாம்..."

பேச்சு பாதியில் நின்றது. பன்னைக்கூடத் தின்னாமல் இயந்திரத்திடம் போனார்.

இம்முறை ஒவ்வொரு அடுக்கையும் கீழ் அடுக்கிலிருந்து சற்று நகர்த்தி வைத்தார். துளைகள் வளைந்து வளைந்து போயின; புகை திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் முட்டியது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நஞ்சு முறிந்தது. அன்று ஆய்வுக்கூடம் முழுக்க அவர் செலவில் டீ.

ஆசை விடவில்லை. மறுவாரம் துளைகளை இன்னும் குறுக்கி, இன்னும் முறுக்கி அச்சடித்தார். புகை நுழைந்தது, நகரவில்லை. அழுத்தம் ஏறி, ரப்பர் குழாய் டப்பென்று பிய்த்துக்கொண்டு பறந்தது.

குழாயைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"இன்னும் நெருக்கிப் பிடிச்சா மிச்சமும் முறியும்னு நினைச்சேன் மேடம்."

மெஹருன்னிசா குழாயை வாங்கி, கிழிந்த நுனியை நறுக்கி, மறுபடி மாட்டிக் கொடுத்தார்.

"தொடணும் சார். தொட்டதும் போக விடணும்."