வெயில் பாறையும் ஈர இலைகளும்

கருவேலங்காட்டுக் குளக்கரையில் முள்ளன் என்ற ஓணானும் அதன் அக்காள் செம்பியும் வாழ்ந்தன. குளத்துத் தவளையான பாசிக்கு முள்ளன் என்றால் உயிர். முள்ளன் புதரை ஆட்டி ஈக்களைக் கிளப்பிவிடும். பாசி எட்டிப் பிடிக்கும். இரண்டும் பங்கு போட்டுத் தின்னும்.

ஒருநாள் காகம் ஒன்று ஓணான்கள் இரண்டையும் கொத்திவிட்டது. உயிர் தப்பின. ஆனால் காயத்தில் சீழ் பிடித்தது.

இரண்டும் கரும்பாறையில் ஏறி வெயிலில் படுத்துக்கொண்டன. பாசி தாவி வந்து முள்ளனைத் தொட்டுப் பார்த்தது.

"ஐயோ, உடம்பு கொதிக்கிறதே! இறங்கி வா!"

"சுடட்டும், பாசி," என்றது செம்பி. "நோயோடு சண்டை போடும் காவலர்கள் எங்கள் உடம்புக்குள் இருக்கிறார்கள். அந்தக் காவலர்களின் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. சூடு பட்டால்தான் அவை திறக்கும். அப்புறம்தான் அவர்கள் சுறுசுறுப்பாகக் கிளம்புவார்கள்."

"உடம்புக்குள் கதவாவது, காவலாவது! வெயில் உயிரைக் குடித்துவிடும்!"

முள்ளனுக்கோ வலி தாங்கவில்லை. "கண் எரிகிறது, அக்கா," என்று முனகியது.

"போகாதே, தம்பி!"

முள்ளன் கேட்கவில்லை. பாசியின் பின்னால் நாணல் நிழலுக்குப் போய்ப் படுத்தது. பாசி குளத்திலிருந்து ஈர இலைகளை இழுத்து வந்து போர்த்தியது.

"இப்போது எப்படி இருக்கிறது?"

"சுகமாக இருக்கிறது!"

பாசிக்குப் பெருமை பிடிபடவில்லை. இலை காயக் காயப் புது இலை கொண்டுவந்தது. ராத்திரியும் தூங்கவில்லை.

மறுநாள் சீழ் முதுகு முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் முள்ளனுக்குப் பேச்சு முனகலாகத்தான் வந்தது.

"குளிருகிறது, பாசி... என்னைப் பாறையில் விட்டுவிடேன்..."

பாசி பயந்துபோய் அதன் வாலைக் கவ்வி இழுத்தது. தவளைக்கு ஏது அவ்வளவு பலம்? நாணலைத் தாண்டுவதற்குள் முள்ளனின் மூச்சு நின்றுவிட்டது.

அன்று மாலைதான் செம்பிக்குத் தெம்பு வந்து, பாறையிலிருந்து இறங்கி வந்தது. அதன் காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"தம்பி எங்கே?"

பாசி நாணல் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டியது. செம்பி கிட்டே போய்த் தம்பியின் மேல் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தது.

"நான் நல்லதுதானே செய்தேன், அக்கா!" என்று பாசி கதறியது.

"உனக்கு எது நல்லதோ அதைச் செய்தாய். அவனுக்கு எது நல்லதென்று கேட்கவில்லையே!"

செம்பி திட்டவில்லை. தம்பியின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பாசி ஈ பிடிக்க அந்தக் கரைக்கு வரவே இல்லை.

என்ன ஏதென்று அறியாமல் செய்யும் உதவி, அன்போடு செய்தாலும் உயிரைப் பறித்துவிடும்.