ஒரு மூச்சுத் தண்ணீர்

குரங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், காரணம் இல்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். ஆடு கம்பங்காட்டுக்குள் புகுந்தால் ஓடுவார்கள். தூறல் விழுந்தால், காயப்போட்ட சோளத்தை அள்ள ஓடுவார்கள். வேலை முடிந்தால் உட்கார்ந்துவிடுவார்கள். சும்மா ஓடுகிறவனைக் கண்டால், "என்னப்பா, தேள் கொட்டிருச்சா?" என்று கேட்பார்கள்.

கரட்டூரில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளாடு மேய்ப்பவள். பெரிய பேச்சுக்காரி. விடிந்து வாசல் தெளிக்கும்போது ஆரம்பித்தால் அடுப்பை அணைக்கும்போதுதான் நிறுத்துவாள். ஆள் இல்லாவிட்டால் ஆட்டோடு பேசுவாள். ஆடும் இல்லாவிட்டால் உலக்கையோடு பேசுவாள். அவள் புருஷன் நாச்சப்பன் நேர்மாறு. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "பாவாயி மூச்சு விடாமப் பேசுவா, நாச்சப்பன் மூச்சு மட்டும் விடுவான்" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்று வருஷம் மழை பொய்த்தது. ஊர்க்கிணற்றின் அடியில் பல்லி ஓடியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுனை. ஊருக்கு மேற்கே, கரடு என்கிற பாறைக்குன்றின் அடிவாரத்தில், பாறை இடுக்கிலிருந்து நூல் போலக் கசிந்து ஒரு குழியில் தேங்கும். கரடு குரங்குகளின் இடம். ஆனாலும் மனிதர்கள் வந்து மொண்டுபோவதை அவை தடுத்ததில்லை.

ஊர்த்தலைவர் மாரப்பனுக்கு நாளை பற்றிப் பயம் வந்துவிட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெரிய பெரிய மொடாக்களோடு போய், சுனையை அடிவரைக்கும் வழித்துக் கொண்டுவந்தார். குரங்குகள் வந்து பார்த்தால் வெறும் சேறு. குட்டிகள் அந்தச் சேற்றை நக்கின. பெரிய குரங்குகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தன. மூன்றாம் நாள் ஆட்கள் மறுபடி மொள்ள வந்தபோது பாறை மேலிருந்து கல் பறந்து வந்தது. மொடாக்கள் உடைந்தன. இரண்டு பேருக்கு மண்டையில் காயம். மாரப்பன் தலைப்பாகையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது.

"காத்து கீழ இருந்து மேல அடிக்குது. கரட்டுப் புல்லுல நெருப்பு வெச்சா ஒரு குரங்கு மிஞ்சாது" என்றார் மாரப்பன்.

"வெச்ச நெருப்பு ஊருக்குள்ள திரும்புனா எந்தத் தண்ணிய ஊத்தி அணைப்பீங்க?" என்று கேட்டாள் பாவாயி.

மாரப்பனுக்கு முகம் சிவந்தது. "அப்ப நீயே போய்ப் பேசு. அதுக்குத்தான ஆண்டவன் உனக்கு இவ்வளவு பெரிய வாயக் குடுத்திருக்கான். நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள தண்ணியோட வரணும். இல்லேன்னா நெருப்புத்தான்."

மறுநாள் காலை பாவாயி ஒரு சுரைக்குடுவையை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். நாச்சப்பனும் கூடவே நடந்தான். கரட்டின் அடிவாரம் வந்ததும் அவன் நின்று, "பாத்து" என்றான். அவ்வளவுதான்.

குரங்குக் கூட்டத்தின் தலைவர் ஒரு கிழட்டுக் கடுவன். மார்பில் முடி நரைத்து, ஒரு காது கிழிந்திருந்தது. சுனைக்கு முன்னால் ஏழு குரங்குகளைக் காவல் நிறுத்திவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, எங்க ஆளுக செஞ்சது தப்புங்க" என்று ஆரம்பித்தாள் பாவாயி. "உங்க குட்டிக சேறு நக்குச்சுன்னு கேட்டதும் எனக்குச் சோறு எறங்கலீங்க. எங்க ஊர்லயும் குழந்தைக இருக்குது, சினையாடு இருக்குது, நேத்துக்கூட எதிர்வீட்டுப் பச்சப்புள்ள அழறதுக்குக்கூடக் கண்ணுல தண்ணி இல்லாம..."

"அம்மிணி, சுருக்கமாச் சொல்லு" என்றார் கடுவன்.

"ஒரு குடுவை போதுமுங்க. ஒரே மூச்சுல ஓடிவந்து மொண்டுக்கிட்டு, ஒரே மூச்சுல ஓடிப் போயிருவேன்."

ஊரில் எல்லோரும் பேசுகிற மாதிரிதான் அவளும் சொன்னாள். ஆனால் கடுவன் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னது சொன்னதுதான். ஒரே மூச்சு. எங்க மண்ணுல நீ ஒரு மூச்சு நேரம் நிக்கலாம். ரெண்டாவது மூச்சு இழுத்தா எங்க பசங்க விடமாட்டாங்க."

"நான் மூச்சு விட்டேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வா. சத்தம் நின்னா மூச்சு முடிஞ்சுச்சுன்னு அர்த்தம்."

"புடிபட்டா?"

"பொழுது சாயற வரைக்கும் எங்க குட்டிகளுக்குப் பேன் பாக்கணும்."

பாவாயி கொஞ்சம் யோசித்தாள். "ஏழு பேருக்கு நான் ஒருத்தி. என் கை யாரு மேல படுதோ அவங்க ஒதுங்கி உக்காந்துக்கணும். அதுதான் நாயம்."

கடுவன் தாடையைச் சொறிந்தார். "நாயம்தான்."

பாவாயி குதிகாலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். கோட்டைத் தாண்டினாள்.

ஏழு குரங்குகளும் விலகி வழிவிட்டன. போகும்போது பிடிப்பதில் என்ன இருக்கிறது, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவற்றின் எண்ணம். அவள் சுனையில் குடுவையை முக்கினாள். அடிவரை வழித்த பிறகு ஒரு பானைக்கும் போதாத அளவுதான் ஊறியிருந்தது. குடுவைக்குள் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. "சட்டுனு குடு, தாயே, சட்டுனு குடு, சட்டுனு குடு" என்று சுனையைக் கெஞ்சினாள். வேகம் ஏற ஏற நாக்கு குழறியது. "சட்டுனு குடு, சட்டுக்குடு, சடுகுடு, சடுகுடு, சடுகுடு..."

குடுவை கழுத்துவரை நிறைந்தது. திரும்பினாள். ஏழும் கைகோத்து நின்றன.

அவள் இடப்பக்கம் ஓடுவதுபோல் காலை வைத்து வலப்பக்கம் பாய்ந்தாள். ஒன்றின் தோளைத் தொட்டாள். அது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கியது. குனிந்து இன்னொன்றின் காலைத் தொட்டாள். கோட்டுக்கு நாலு முழம் இருக்கும்போது ஓர் இளம் குரங்கு பாய்ந்து அவள் கணுக்காலைக் கவ்விப் பிடித்தது. குப்புற விழுந்தாள். குடுவை உருண்டு பாதித் தண்ணீர் கொட்டியது. மேலே இரண்டு குரங்குகள் ஏறிக்கொண்டன. கண் இருட்டியது. "சடு... கு... டு..." என்று சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்து, கையை நீட்டினாள். விரல் நுனி கோட்டைத் தொட்டது. அப்போதுதான் மூச்சு வெடித்தது.

"புடிச்சுட்டேன்!" என்று கத்தியது இளம் குரங்கு.

"கை கோட்டுல இருக்குது! நல்லாப் பாருங்க, கை கோட்டுல இருக்குது! அவ வந்துட்டா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நாச்சப்பன். பாவாயிகூடத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

கடுவன் இறங்கி வந்து குனிந்து மண்ணைப் பார்த்தார். "விரல் வந்தா ஆள் வந்த மாதிரிதான். விடுங்கடா."

பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் புழுதி, முழங்கையில் ரத்தம். நெஞ்சு பறை மாதிரி அடித்தது. காதுக்குள் சூடான காற்று சுழன்றது. அழுகை வரப்போகிறது என்றுதான் நினைத்தாள். வந்தது சிரிப்பு. வயிற்றிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. கணுக்காலை இன்னும் விடாமல் வைத்திருந்த இளம் குரங்குக்கும் அது தொற்றிக்கொண்டது. மூன்று வருஷத்தில் அந்தக் கரட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

உச்சிப்பொழுதுக்கு முன் அரைக் குடுவைத் தண்ணீர் ஊருக்கு வந்தது. நெருப்புப் பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை மண்ணில் குத்தி அணைத்தார்கள். அன்று முதல் வீட்டுக்கு ஒருவராக முறைவைத்துக் கோட்டுக்குப் போனார்கள். ஒரு மூச்சில் மொள்ளுகிற தண்ணீர் எவ்வளவு இருந்துவிடும்? சுனை மறுபடி தேங்கியது. குட்டிகளும் குடித்தன, குழந்தைகளும் குடித்தார்கள்.

மாரப்பன் முதலில் வரமாட்டேன் என்றார். "பொம்பளையும் குரங்கும் உருண்டு பெரளற எடத்துல எனக்கென்ன வேலை?" ஆனால் அவர் வீட்டு முறை வந்தது. மூன்றாவது எட்டிலேயே பிடிபட்டார். பொழுது சாயும்வரை மடியில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு பேன் பார்த்தார். மறுநாள் அவர் முறை இல்லை. ஆனாலும் விடிந்ததும் கோட்டில் முதல் ஆளாக நின்றார். "நேத்துக் கால் வழுக்கிருச்சு" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

புரட்டாசி கழிந்து ஐப்பசி வந்தது. ஒருநாள் பொட்டுப் பொட்டென்று ஆரம்பித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. கிணறு நிரம்பி வழிந்தது. பாவாயி வீட்டில் இருக்கிற சட்டி பானை எல்லாவற்றிலும் தண்ணீர். பத்தாம் நாள் வெயில் அடித்தது. சோறு பொங்கினாள், சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆட்டை ஓட்டினாள், கால் குறுகுறுத்தது. உள்ளங்கை அரித்தது. பேசக்கூடப் பிடிக்கவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்றான் நாச்சப்பன்.

"தெரியலீங்க. வெச்சது வெச்ச எடத்துல இருக்குது. எதையோ காணோம்."

வெறுங்கையோடு கரட்டுப் பக்கம் நடந்தாள். மழையில் கோடு அழிந்திருக்கும் என்று தெரியும். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். போனால், ஈர மண்ணில் புதிதாக ஒரு கோடு இருந்தது. வளைந்து வளைந்து, வால் கொண்டு இழுத்த மாதிரி. அந்தப் பக்கம் கடுவனும் அவர் கூட்டமும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மிணி, தண்ணிக்கா வந்தே?"

"இல்லீங்க. ஊரெல்லாம் தண்ணி."

"பின்ன எதுக்கு?"

ஊரிலேயே பெரிய பேச்சுக்காரிக்கு அன்று சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. "சும்மாதானுங்க" என்றாள்.

கடுவன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டார். "நாங்களும் சும்மாதான் உக்காந்திருக்கோம். விடிஞ்சதுல இருந்து."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நாச்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் மாரப்பன். அவருக்குப் பின்னால் பாதி ஊர். யார் கையிலும் குடம் இல்லை. பாவாயி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். சடுகுடு, சடுகுடு என்று அவள் குரல் கரட்டில் எதிரொலித்தது.

காலம் போனது. குரங்குகள் பழம் தேடி மேல்மலைக்குப் போயின; அவற்றின் பேச்சு வேறானது. எதிரில் நிற்க ஆள் வேண்டுமே என்று மனிதர்களே இரண்டாகப் பிரிந்து நின்றுகொண்டார்கள். அந்த ஈர மண்ணிலிருந்துதான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று தெரிந்தும், ஒரே மூச்சில் சடுகுடு பாடிக்கொண்டு ஓடுவதும், விரல் நுனி கோட்டைத் தொட்டால் முழு ஆளும் வந்ததாக எண்ணிக் கூவுவதும், தோற்றவரும் ஜெயித்தவரும் புழுதியைத் தட்டிக்கொண்டு சேர்ந்து சிரிப்பதும் மனிதருக்கு வழக்கமாயிற்று.