கயிற்றில் நடந்த மண்டிக்காரர்

வாழைத்தார் ஏலம் விடுகிறவர் முக்காலி மேல் நின்றுதான் விலை கூற வேண்டும். கடைசித் தார் விலைபோவதற்குள் கால் தரையில் பட்டதோ, முக்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த மண்டியில் அதுதான் சட்டம்.

தார் சுமந்து, வாய்ச்சண்டை போட்டு, பேரம் பேசிப் பேசியே அந்த முக்காலியைப் பிடித்தவர் சங்கையா. இப்போது காதுக்குள் ஏதோ கோளாறு. எழுந்து நின்றால் உலகமே சுற்றியது. போன வெள்ளிக்கிழமை நடந்த மாத ஏலத்தில் அவர் முக்காலியில் தள்ளாடியதைப் பார்த்த எதிர்க்கடைத் தங்கப்பழம், "அண்ணாச்சி, அடுத்த மாசம் நான் ஏறிக்கிடுதேன். நீங்க பாய விரிச்சுப் படுங்க" என்றான்.

பொறுப்பாரா சங்கையா? நேரே பிசியோதெரபி பார்க்கும் ஜெசிந்தா அம்மாவிடம் போனார்.

"ஒரு மாசம் பயிற்சி செய்யணும் ஐயா."

"ஒரு வாரம்னு முடிச்சிருவோம்மா. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"பேரம் பேச இது வாழைக்காய் இல்ல, உங்க காது."

ஒரு பலகையும் ஒரு வீடியோ கேமும் கொடுத்தனுப்பினார். பலகையில் ஏறி நின்றால், டிவியில் ஒரு பொம்மை ஆற்றுக்கு மேலே கயிற்றில் நடக்கும். இவர் சாய்ந்தால் அதுவும் சாயும். இவர் நிமிர்ந்தால் அதுவும் நிமிரும். "பக்கத்துல ஆள் இருக்கட்டும். பொம்மை சாயாம பார்த்துக்கிடுங்க" என்றார் அம்மா.

ஆளுக்கா பஞ்சம்? மூக்கன், தவிட்டான், இசக்கி என்று மண்டியில் மூன்று சுமைகாரர்கள். லாரியில் பாரம் சாய்ந்தால் தோள் கொடுத்து நிமிர்த்துவார்கள். அதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அறியார்.

சங்கையா பலகையில் ஏறினார். பொம்மை வலப்பக்கம் சாய்ந்தது. மூவரும் பாய்ந்துபோய் டிவியை இடப்பக்கம் சாய்த்தார்கள். டிவி சாய்ந்ததைப் பார்த்த சங்கையாவுக்குத் தலை கிறுகிறுத்தது. தொப்பென்று விழுந்தார். பொம்மையும் ஆற்றில் விழுந்தது.

"அவனுக்கு நீச்சல் தெரியுமால?" என்றான் தவிட்டான்.

"ஆத்துமேல நடக்க வந்தவன் நீச்சல் படிக்காமலா வருவான்?" என்றான் மூக்கன்.

இசக்கி துண்டை எடுத்து டிவியை ஈரம் போகத் துடைத்தான்.

"ஏல, விழுந்து கிடக்குறது நான்ல!" என்று கத்தினார் சங்கையா. கத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டார். "யாரும் டிவியைத் தொடக் கூடாது" என்று உத்தரவு வந்தது.

தொடவில்லை. மறுநாள் பொம்மை சாயச் சாய, சங்கையா நின்ற பலகையைத் தூக்கித் தூக்கி நிமிர்த்தினார்கள். பொம்மை ஆடாமல் அசையாமல் அக்கரை சேர்ந்தது. நூற்றுக்கு நூறு! மூவரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். பல்லக்கில் போனவர் மாதிரி நின்ற சங்கையாவுக்குக் கால் ஒரு இம்மிகூடப் பழகவில்லை. மாதம் முழுக்க இதே கதைதான். அவர் திட்டத் திட்ட, நம் வேலை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உயரத் தூக்கினார்கள்.

ஏல நாள் வந்தது. "என் முக்காலியில எவனாவது கை வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்று எச்சரித்துவிட்டு ஏறினார் சங்கையா. ஏறியதுமே உடம்பு வலப்பக்கம் சரிந்தது. தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

மூவரும் தலையைச் சேர்த்துக் கூடிப் பேசினார்கள்.

"டிவியத் தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

"முக்காலியத் தொடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாவ."

"அப்போ மிச்சம் என்னல இருக்கு?"

"சனந்தான்."

"எல்லாரும் மொதலாளி மாதிரியே சாயுங்க, சாயுங்க!" என்று இறங்கிவிட்டார்கள். வியாபாரிகளின் தோளைப் பிடித்து வரிசை வரிசையாகச் சாய்த்தார்கள். சாய மாட்டேன் என்றவனுக்கு ஒரு தாரைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். மண்டி மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. சங்கையா சரிந்தபடியே பார்த்தார். ஆகா, எல்லாம் நேராக இருந்தது! ஒரு மாதமாகச் சுற்றிய உலகம் நின்றேவிட்டது. தெம்பு வந்து கடைசித் தார்வரை விலை கூவினார். சாய்ந்தபடியே கேட்டார்கள், சாய்ந்தபடியே வாங்கினார்கள்.

நிமிர்ந்து நின்றது தங்கப்பழம் ஒருவன்தான்.

"ஐயோ பாவம், தங்கப்பழம் அண்ணாச்சி எப்படிக் கோணிப்போய் நிக்காரு பாருங்க" என்றான் மூக்கன். மூவரும் அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா அம்மாவிடம் ஓடினார்கள்.