மூன்று வீட்டுத் தாம்பூலம்

கேளுங்கள் மக்களே. கரடிமலையைப் பாளையக்காரர் ஒருவர் கட்டியாண்ட காலம் அது. அந்தச் சீமையிலே அம்பலவாணன் என்று ஒரு நாயனக்காரன் இருந்தான். கோயில் மானியம் கிடையாது, அரண்மனைச் சம்பளம் கிடையாது. யாராவது கூப்பிட்டால் அடுப்பு எரியும், கூப்பிடாவிட்டால் வயிற்றில் ஈரத்துணிதான்.

ஆளோ மகா கெட்டிக்காரன். ஆனால் ஒரே ஒரு பயம். ஒரு தடவை மாட்டேன் என்றால் மறு தடவை கூப்பிடமாட்டார்களே!

ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்கு மாடக்கண்ணு வேளார் வந்தார். பானை வனைகிறவர். மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்தார். அம்பலவாணன் வாங்கிக்கொண்டான். நாயனக்காரன் தாம்பூலம் வாங்கினால் அதுதான் வாக்கு, வேறு ஓலை எழுத்தெல்லாம் இல்லை.

நாலு நாள் கழித்து எண்ணெய்ச் செட்டியார் வந்தார். அதே நாள், அதே முகூர்த்தம். பயந்தான், வாங்கிக்கொண்டான்.

அப்புறம் கோட்டைச் சேவகன் வந்தான். பாளையக்காரர் மகளுக்கும் அதே நாள், அதே முகூர்த்தம். கோட்டைத் தாம்பூலத்தை மறுக்க முடியுமா? அதையும் வாங்கிக்கொண்டான்.

"தாலி கட்டுகிற நேரத்தில் மூன்று வாசலில் எப்படி நின்று ஊதுவீர்கள்?" என்றாள் பெண்டாட்டி பூரணம். "முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு?"

"எந்த வீட்டுக் கல்யாணமாவது தள்ளிப்போகும்டி" என்றான் அவன். ஒன்றும் தள்ளிப்போகவில்லை. நாயனத்தை எடுத்தால் மூச்சு பாதியிலேயே நின்றது. வாக்குத் தவறியவனுக்கு விரல் போகும் என்பது கரடிமலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். விரல் போனால் நாயனக்காரன் பிழைப்பு என்னாவது?

முகூர்த்தத்துக்கு மூன்றே நாள். ஏழையைக் கழற்றிவிடலாம் என்று வேளார் வீட்டுக்குத்தான் முதலில் போனான். பாவி மனசு!

"வாருங்க, வாருங்க" என்றார் வேளார். "இரண்டு தடவை நின்றுபோன கல்யாணம் ஐயா இது. உங்கள் நாயனம் வருகிறது என்றதும்தான் என் மகள் சிரித்தாள்."

அம்பலவாணன் வந்த காரியத்தை விழுங்கிவிட்டு, நேரே செட்டியார் வீட்டுக்கு நடந்தான்.

செட்டியார் வீட்டில் தாம்பூலத்தைத் திருப்பி வைத்தான். "இனி என் வாசலை மிதிக்காதே" என்று கத்தினார் செட்டியார்.

அடுத்தது கோட்டை. பாளையக்காரர் முன்னால் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பக்கத்தில் சேவகன் அரிவாளோடு நின்றான்.

"இதை எந்தக் கையால் வாங்கினாய்?"

"இரண்டு கையாலும் வாங்கினேன், சாமி."

"நீட்டு."

நீட்டினான்.

"யார் வீட்டுக்குப் போகிறாய்?"

"மாடக்கண்ணு வேளார் வீட்டுக்கு, சாமி. அவர்தான் முதலில் தந்தார். மறுத்தால் பிழைப்பு போகும் என்று பயந்து உங்களுடையதையும் வாங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லை, சாமி."

பாளையக்காரர் தட்டிலிருந்த வெற்றிலையை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த நேரத்தில் அம்பலவாணன் பத்துத் தடவை செத்துப் பிழைத்தான்.

"அன்றைக்கே முடியாது என்று நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?"

"விரலை வாங்கியிருப்பீர்கள், சாமி."

"அட மடையா! அடுத்த முகூர்த்தம் என்றைக்கு என்று சோசியரைக் கேட்டிருப்பேன். எட்டாம் நாளே ஒன்று இருந்தது. இப்போது கல்யாண ஓலை ஊரெல்லாம் போய்விட்டது. மாற்ற முடியுமா?"

அம்பலவாணன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

"உண்மையைச் சொன்னாய், அதனால் விரல் உனக்கே இருக்கட்டும். ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை என் கோட்டையில் உன் நாயனம் கேட்கக்கூடாது. போ!"

மூன்றாம் நாள் வேளார் வீட்டில் வாசித்தான். அப்படி ஒரு வாசிப்பை அந்தத் தெரு கேட்டதில்லை. கல்யாணப் பெண் தலையை நிமிர்த்தி அவனையே பார்த்தாள். அவனோ கண்ணீரை அடக்கமாட்டாமல் ஊதிக்கொண்டிருந்தான். கூப்பிடமாட்டார்களே என்று எந்த இரண்டு வீட்டுக்குப் பயந்தானோ, அந்த இரண்டு வீடும் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவேயில்லை.

ஆகவே மக்களே, முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்லப் பயந்தவன், எதை இழக்கப் பயந்தானோ அதையே இழப்பான்.