லூர்தம்மாவின் இருமலும் ஒரு கன்னத்துச் சவரமும்

"அசையாம படும்மான்னா முடியலங்கா, வாத்தியாரே," என்றார் சுயம்புலிங்கம்.

வாத்தியார் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். கஸ்பாருக்கு வயசு முப்பத்தெட்டு. கணக்கில் புலி. ஒரு பலாப்பழத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே நூற்றுப் பதின்மூன்று கொட்டை, அதில் ஒன்று சொத்தை என்று சொன்னவர். அறுத்து எண்ணியவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளலாம்.

சீடர் சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எந்திரம் ஆளைச் சுற்றிச் சுற்றி எடுக்கும் நிழல்களை வைத்துக் கணக்குப் போட்டு, உள்ளே இருப்பதைப் படமாக்குகிறவர்.

"யாருக்கு முடியல?"

"லூர்தம்மாவுக்கு. நெஞ்சுல கட்டி. நாளைக்குக் காலைல ஆபரேஷன். கட்டி எங்க இருக்குன்னு நான் காட்டலேன்னா டாக்டர் குத்துமதிப்பா அறுக்கணும். அவளோ இருமலுக்கு நடுவுலதான் மூச்சே விடுதா. படம் பூரா கலங்கிக் கெடக்கு."

"என்ன பண்ணினீங்க, அண்ணாச்சி?"

"அசைஞ்ச நேரத்து நிழலையெல்லாம் தள்ளிட்டேன். தொள்ளாயிரத்துல பதினொண்ணு மிச்சம். அத வச்சு என்னத்தக் காண?"

கஸ்பார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல சவரம் பண்ணிக்கிடுங்க."

தெருமுனையில் இசக்கிமுத்துவின் சலூன். முகமெல்லாம் சோப்பு நுரை. கத்தி கன்னத்தில் ஏறியது.

சுயம்புலிங்கத்தின் வாய் நிற்கவில்லை. எந்திரத்தைத் திட்டினார். இருமலைத் திட்டினார். சவரம் பண்ணச் சொன்ன வாத்தியாரை, அவர் காதுபடவே திட்டினார். தலையை ஆட்டினார், தாடையை நீட்டினார், பல்லைக் கடித்தார்.

கஸ்பார் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரு கன்னம் முடிந்ததும் எழுந்து வந்து கண்ணாடியை நீட்டினார்.

"எங்கயாச்சும் வெட்டியிருக்கா?"

சுயம்புலிங்கம் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நான் பேசிக்கிட்டேல்லா இருந்தேன்?" என்றார் இசக்கிமுத்துவிடம். "வாய மூடும்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீரு?"

"சொன்னா கேக்கிற ஆளா நீரு?" இசக்கிமுத்து கத்தியைத் துடைத்தார். "உம்ம தாடை போற போக்கு ரெண்டு இழுப்புல பிடிபட்டுட்டு. அது எங்க போச்சோ, கத்தியும் அங்க போச்சு."

சுயம்புலிங்கம் கண்ணாடியில் தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

பிறகு துண்டை உதறிவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு கன்னம் கெடக்கு," என்றார் இசக்கிமுத்து.

"தொள்ளாயிரம் நிழல் கெடக்குவே," என்றபடி தெருவில் இறங்கி ஓடினார்.

மறுநாள் காலை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது நுரையீரலின் ஓரம், தட்டில் எடுத்து வைத்த சுண்டைக்காய் போலக் கட்டி. அப்புறம் சுயம்புலிங்கத்தின் ஒற்றைக் கன்னத்து நரைத்தாடியையும் பார்த்தார்.

"அந்தம்மாவோட இருமலை எப்படிய்யா நிறுத்தினீங்க?"

"யாரு நிறுத்தினா?" என்றார் சுயம்புலிங்கம். "நெஞ்சு எங்க போச்சோ, கணக்கும் அங்க போச்சு."